வெயிலும் தக்காளிச் சக்கையும்: வேர்முடிச்சு பிடித்த மண்ணைத் தேற்றிய அனுபவம்

காய் பிடிக்கும் பருவத்தில் என் தக்காளிச் செடிகள் நண்பகலில் தலை தொங்குவதும் மாலையில் நிமிர்வதுமாக இருந்தன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இரண்டு பருவங்கள் பாய்ச்சலைக் கூட்டிக்கொண்டே போனேன். மூன்றாம் பருவத்தில் ஒரு செடியைச் சுற்றி மண்வெட்டியால் அகலமாகத் தோண்டி, மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் மெல்ல அலசிப் பார்த்தபோதுதான் காரணம் கண்ணில் பட்டது. நூலிழைகளாக இருக்க வேண்டிய வேர்கள் இஞ்சிக் கிழங்கைப் போல முண்டும் முடிச்சுமாகத் தடித்திருந்தன. ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பார்த்தேன். குண்டூசித் தலையிலும் சிறிய, முத்தைப் போல வெளுத்த உருண்டைகள் உள்ளே இருந்தன. அவை வேருக்குள் புகுந்து வாழும் நுண்ணிய புழுவான வேர்முடிச்சு நூற்புழுவின் பெண் புழுக்கள். ஒவ்வொன்றும் பல நூறு முட்டைகளை ஒரு பசைத்திரளுக்குள் இடும். நான் அதிகமாகப் பாய்ச்சிய தண்ணீரை உறிஞ்ச அந்த வேர்களுக்கு வலுவே இருந்திருக்காது.

பயிரை மாற்றிப் பார்க்கலாம் என்றால், இந்த நூற்புழு ஈராயிரத்துக்கும் மேற்பட்ட தாவர இனங்களில் வாழக்கூடியது. கத்தரி, மிளகாய், வெண்டை, வெள்ளரி, கேரட் என்று நான் பயிரிடக்கூடிய காய்கறிகளில் பெரும்பாலானவை அதற்கு உணவுதான். வரப்பில் முளைக்கும் களைகளும் அதைக் காப்பாற்றி வைத்திருக்கும். மண்ணை வாயுவால் நச்சூட்டும் பழைய முறைக்கு வழி அடைபட்டுவிட்டது. ஒரு காலத்தில் உலகெங்கும் காய்கறி, ஸ்ட்ராபெர்ரி நிலங்களில் செலுத்தப்பட்ட மெத்தில் புரோமைடு ஓசோன் படலத்தை அரிக்கிறது என்பதால் மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் வளர்ந்த நாடுகளில் 2005-இலும், வளரும் நாடுகளில் 2015-இலும், சில விதிவிலக்குகள் தவிர, அதன் பயன்பாடு நிறுத்தப்பட்டது. அது கிடைத்திருந்தாலும் நான் வாங்கியிருக்க மாட்டேன். நூற்புழுவோடு சேர்த்து மண்ணின் எல்லா உயிர்களையும் ஒரே மூச்சில் கொல்லும் பொருளை என் கையால் என் நிலத்தில் இறக்க மனம் ஒப்பாது.

அப்போதுதான் மண்ணை வெயிலால் சூடேற்றும் முறையைத் தேடிப் படித்தேன். ஈரமான மண்ணின் மேல் நிறமற்ற பாலித்தீன் விரிப்பைப் போர்த்தினால், வெயில் உள்ளே புகுந்து மண்ணைச் சூடாக்கும், அந்தச் சூடு எளிதில் வெளியேறாது. சில வாரங்களில் மண்ணில் உள்ள பூசணங்களும் புழுக்களும் களை விதைகளும் பெருமளவில் மடியும். இஸ்ரேலைச் சேர்ந்த தாவர நோயியல் அறிஞர் யாக்கோவ் கட்டானும் அவருடன் பணியாற்றியவர்களும் 1976-இல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். செலவழிப்பது தண்ணீரும் விரிப்பும் மட்டுமே என்பதால் அந்தக் கோடையிலேயே 400 சதுர மீட்டர் நிலத்தில் செய்து பார்த்தேன்.

அந்த முதல் முயற்சி பாதி தோல்வி. அதிலிருந்து நான் கற்றவை பின்னாளில் மிகவும் உதவியதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உழுத நிலத்தைக் கட்டி உடைக்காமல், மேடும் பள்ளமுமாக விட்டுவிட்டு விரிப்பைப் போட்டேன். விரிப்புக்கும் மண்ணுக்கும் நடுவில் ஆங்காங்கே கை நுழையும் அளவுக்குக் காற்று நின்றது. காற்று வெப்பத்தை மண்ணுக்குள் விடாமல் தடுக்கும் மெத்தையாகிவிடுகிறது. மேல்மண் நனையும் அளவுக்கு மட்டுமே தண்ணீர் விட்டிருந்தேன், கீழே ஒரு சாணுக்குப் பிறகு மண் உலர்ந்தே இருந்தது. உலர்ந்த மண்ணில் வெப்பம் ஆழத்துக்கு இறங்காது என்பது ஒரு பக்கம். உலர்ந்த நிலையில் பூசண வித்துகளும் புழு முட்டைகளும் உறக்க நிலைக்குப் போய்ச் சூட்டைத் தாங்கும் வலிமை பெறுகின்றன என்பது இன்னொரு பக்கம். மண் வெப்பமானியைச் செருகிப் பார்த்தபோது 5 சென்டிமீட்டர் ஆழத்தில் 46 டிகிரி செல்சியஸ் இருந்தது, 15 சென்டிமீட்டரில் 38, 30 சென்டிமீட்டரில் 33. ஆறு வாரம் மூடி வைத்தேன். களை கிட்டத்தட்ட அற்றுப்போனது, நாற்றுகள் தொடக்கத்தில் செழித்தன, நானும் மகிழ்ந்திருந்தேன். இரண்டு மாதம் கழித்து ஒரு செடியைப் பிடுங்கினால் மேல் வேர்கள் தூய்மையாகவும் ஆழத்துக்குப் போன வேர்கள் முடிச்சு முடிச்சாகவும் இருந்தன.

வெப்பம் எவ்வளவு என்பதோடு, அந்த வெப்பத்தில் உயிரி எத்தனை மணி நேரம் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதை அப்போது நான் உணர்ந்திருக்கவில்லை. வேர்முடிச்சு நூற்புழுவின் இளம்புழுக்களும் முட்டைகளும் 42 டிகிரியில் ஏறத்தாழ அரை நாளில் மடிந்துவிடும். ஆனால் 39 டிகிரியில் முட்டைகள் முற்றிலும் அழிய ஒரு வாரம் போல ஆகும், 38 டிகிரியில் இரண்டு வாரத்துக்கும் மேல். ஒரே ஒரு டிகிரி கூடுவதும் குறைவதும் நாள் கணக்கையே புரட்டிப் போடுகிறது. வாடல் நோய் தரும் வெர்ட்டிசிலியம் பூசணமும் அப்படித்தான்: 47 டிகிரியில் சில மணி நேரத்தில் சாவது 37 டிகிரியில் இரண்டு முதல் நான்கு வாரம் வரை தாக்குப்பிடிக்கும். அதிலும் நாள் முழுக்க அதே சூடு இருக்காது. பகலில் ஏறி இரவில் இறங்கும். என் நிலத்தில் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்த புழுக்களுக்கு 33 டிகிரி என்பது இதமான சூடு. அவற்றைக் கொல்ல முடியாத வெப்பத்தை ஆறு வாரம் கொடுத்தாலும் பயன் இல்லை.

ஆழத்தில் வெப்பம் போதாதபோது வேறு எது அங்கே வேலை செய்யும் என்ற கேள்விதான் என்னைக் கரிமக் கழிவிடம் கொண்டு சேர்த்தது. வெயில் குறைந்த நெதர்லாந்திலும், பசுமைக்குடில்கள் நிறைந்த ஜப்பானிலும், ஒன்றையொன்று சாராமல், ஒரே வகையான முறையை உருவாக்கியிருக்கிறார்கள்: மண்ணில் பசும்புல்லையோ தவிட்டையோ கலந்து, நன்றாக நீர் பாய்ச்சி, காற்றுப் புகாதபடி மூடிவிடுகிறார்கள். நுண்ணுயிர்கள் அந்த உணவைத் தின்று பெருகும்போது மண்ணில் இருக்கும் உயிர்வளி (ஆக்சிஜன்) ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். அதன்பின் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் ஆட்சிக்கு வந்து நொதிக்கத் தொடங்கும். அசிட்டிக் அமிலம், பியூட்டிரிக் அமிலம் போன்றவை உருவாகும். இந்த அமிலங்கள் புழுக்களுக்கும் பூசணங்களுக்கும் நஞ்சு. வெயில் அதிகம் இல்லாத நாட்டில் இது பலன் தருகிறது என்றால், வெயிலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் தக்காளிச் சக்கை, திராட்சைச் சக்கை, பாதாம் தோல், ஓடு ஆகியவற்றைக் கொண்டு ஆராய்ந்திருக்கிறார்கள். வெறும் விரிப்புக்குத் தேவைப்படும் நான்கு முதல் ஆறு வாரத்தைவிடக் குறைந்த நாட்களில் பலன் கிடைக்கிறது என்பதே அந்தச் சோதனைகளின் சாரம். சூடு உயிரியைப் பலவீனப்படுத்துகிறது, அமிலமும் உயிர்வளிக் குறைவும் அதை முடித்துவைக்கின்றன. தனித்தனியே கொல்லாத அளவுச் சூடும், தனித்தனியே கொல்லாத அளவு அமிலமும் ஒன்றாகச் சேரும்போது கொல்கின்றன. என்னுடைய 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வேண்டியிருந்தது இதுதான்.

எந்தக் கழிவும் உதவும் என்று எண்ணிவிடக் கூடாது. எளிதில் நொதிக்கும் சர்க்கரையும் மாவுப்பொருளும் உள்ள பொருளாக அது இருக்க வேண்டும். பழச் சக்கை, தவிடு, காய்கறிக் கழிவு, வெல்லப்பாகு, இளம் பசுந்தழை ஆகியவை பொருந்தும். மரத்தூள், உலர்ந்த வைக்கோல், முற்றிய தண்டு ஆகியவை மெதுவாக மட்குவதால் உயிர்வளியை வேகமாகத் தீர்க்காது. கூடவே மண்ணின் தழைச்சத்தை (நைட்ரஜனை) நுண்ணுயிர்கள் பிடித்துவைத்துக்கொள்ளும்படி செய்து அடுத்த பயிரை வெளுக்கவைக்கும். நன்றாக மக்கிய உரமும் இந்த வேலைக்கு உதவாது, அதில் நொதிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. முட்டைக்கோசு, கடுகு, பிராக்கோலி குடும்பத்துத் தழைகளுக்குத் தனிச் சிறப்பு உண்டு: அவற்றின் திசு சிதையும்போது ஐசோதயோசயனேட் என்னும் கார நெடியுள்ள ஆவி வெளிப்படுகிறது, அதுவும் புழுவையும் பூசணத்தையும் தாக்கும். கோழி எச்சம் சேர்த்தால் அம்மோனியா உருவாகிக் கொல்லும் திறன் கூடும். ஆனால் பச்சை எச்சத்தில் மனிதரை நோய்ப்படுத்தும் நுண்ணுயிர்கள் இருக்கக்கூடும் என்பதால் பச்சையாக உண்ணும் கீரை, கேரட் போன்றவற்றைப் பயிரிடும் பாத்தியில் நான் அதைச் சேர்ப்பதில்லை.

எனக்குக் கிடைத்தது தக்காளிச் சக்கை. சாறு பிழிந்த பின் மிஞ்சும் தோலும் விதையும் கலந்த ஈரக் குவியல் அது; பிழிந்த அன்றே எடுத்துக்கொள்வதாக இருந்தால் எடுத்துப் போகலாம் என்று பிழிபவர்கள் சொன்னார்கள். அளவைக் கணக்கிட்ட விதத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஏறத்தாழ 200 கிலோ மண் இருக்கும். உலர்ந்த எடையில் அதன் நூற்றுக்கு 1 முதல் 2 பங்கு கழிவு வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 2 முதல் 4 கிலோ உலர்பொருள் தேவை. என் சக்கையில் முக்கால் பங்கு தண்ணீர், எனவே 2.5 கிலோ உலர்பொருளுக்காகச் சதுர மீட்டருக்கு 10 கிலோ ஈரச் சக்கை போட்டேன். ஈரத்தின் எடையை உலர்ந்த எடை என்று எண்ணிக்கொண்டு 2.5 கிலோ ஈரச் சக்கை போட்டால், அது மண்ணுக்கு ஒரு கவளம் போல. உயிர்வளி தீர்வதற்குள் உணவு தீர்ந்துவிடும். தவிடு உலர்ந்த பொருள் என்பதால் ஜப்பானியர் சதுர மீட்டருக்கு 1 முதல் 2 கிலோ போடுகிறார்கள்.

இரண்டாவது கோடையில் நிலத்தை மூன்றாகப் பிரித்தேன். 180 சதுர மீட்டரில் சக்கையும் விரிப்பும், 180 சதுர மீட்டரில் விரிப்பு மட்டும், எஞ்சிய 40 சதுர மீட்டரில் எதுவும் செய்யாமல் திறந்த மண். ஒப்பிட்டுப் பார்க்கத் திறந்த துண்டு ஒன்றை விட்டுவைக்கும்படி இதைச் செய்யும் எல்லோரையும் கேட்டுக்கொள்வேன். அது இல்லாவிட்டால் அந்த ஆண்டின் மழையும் வெயிலும் செய்ததை எல்லாம் விரிப்பின் கணக்கில் எழுதிவிடுவோம்.

சக்கை வந்த அன்று காலையில் பரப்பி, நண்பகலுக்குள் ரோட்டவேட்டரால் இரண்டு முறை குறுக்கும் நெடுக்கும் ஓட்டி 15 சென்டிமீட்டர் ஆழம் வரை கலந்தேன். குவியலாக ஓரிரு நாள் வைத்திருந்தால் நொதிப்பு குவியலிலேயே முடிந்து, நமக்கு வேண்டிய அமிலமும் வெப்பமும் காற்றோடு போய்விடும். கட்டிகளை உடைத்து, பழைய செடித் தூர்களைப் பொறுக்கி, பலகையால் இழுத்துப் பாத்தியைத் தட்டையாக்கினேன். ஒரு தூர் நீட்டிக்கொண்டிருந்தாலும் விரிப்பைக் கிழித்துவிடும். அதன்மேல் சொட்டுநீர்க் குழாய்களை 40 சென்டிமீட்டர் இடைவெளியில் போட்ட பிறகே விரிப்பை விரித்தேன், ஏனென்றால் மூடிய பிறகு நீர் விடுவதற்கு வேறு வழி இருக்காது. மாலை வரை நீர் விட்டு, ஓரிடத்தில் தோண்டி 40 சென்டிமீட்டர் ஆழம் வரை ஈரம் இறங்கியிருப்பதை உறுதி செய்துகொண்டேன். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. மணல் கலந்த என் நிலத்துக்கு அதுவே சரியான அளவாக இருந்தது.

விரிப்பு நிறமற்றதாக இருக்க வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. கறுப்பு விரிப்பு தொட்டால் சுடும் என்பதால் அதுதான் சிறந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அது வெயிலைத் தானே வாங்கிக்கொண்டு தான் சூடாகிறது, அந்தச் சூட்டில் பெரும்பகுதி காற்றோடு போகிறது. நிறமற்ற விரிப்பு வெயிலை உள்ளே விட்டு மண்ணையே சூடாக்குகிறது. தடிமன் 25 முதல் 50 மைக்ரான் வரை போதும். மெல்லியது வெயிலை நன்றாக உள்ளே விடும், ஆனால் காற்று பலமாக வீசும் இடத்தில் கிழியும். நான் 50 மைக்ரான் வாங்கினேன். புற ஊதாக் கதிரைத் தாங்கும்படி செய்யப்பட்டதா என்று கேட்டு வாங்க வேண்டும், இல்லையென்றால் நான்காம் வாரத்தில் அப்பளமாய் நொறுங்கும்.

ஓரங்களைச் சுற்றிலும் ஒரு சாண் ஆழத்துக்குச் சால் எடுத்து, விரிப்பின் விளிம்பை அதில் இறக்கி, ஈர மண்ணைப் போட்டு மிதித்து மூடினேன். கல்லை மட்டும் வைத்து ஓரத்தை அமுக்குவது போதாது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் காற்று புகுந்தால் உயிர்வளியும் புகும். அப்புறம் சக்கை சாதாரண எருவாக மக்குமே தவிர நொதிக்காது.

மூன்றாம் நாள் காலையில் விரிப்பின் அடிப்பக்கம் முழுவதும் நீர்த்துளி கோத்திருந்தது. நான்காம் நாள் விரிப்பு ஆங்காங்கே கொப்புளம் போல எழும்பி நின்றது, உள்ளே வாயு உருவாகிக்கொண்டிருந்தது. வெப்பமானியைச் செருகுவதற்காக ஒட்டுப்பட்டையால் அடைத்து வைத்திருந்த சிறு துளையைத் திறந்தபோது புளித்த மாவும் கெட்டுப்போன வெண்ணெயும் சேர்ந்தது போன்ற நெடி மூக்கில் ஏறியது. அந்த வெண்ணெய் நாற்றம் பியூட்டிரிக் அமிலத்தின் அடையாளம். சக்கை போடாத பாத்தியில் வெறும் ஈர மண்ணின் வாசனைதான். அந்த நெடியை முகர்ந்த நொடியில், மண்ணுக்கு அடியில் நாம் எதிர்பார்த்தது நடக்கிறது என்ற நம்பிக்கை எனக்கு வந்தது. பியூட்டிரிக் அமிலத்தை அளக்க ஆய்வுக்கூடம் தேவை, முகர்ந்து அறிய மூக்கே போதும்.

ஒரு நாள் முழுக்க மணிக்கு ஒருமுறை வெப்பத்தைக் குறித்தேன். சக்கைப் பாத்தியில் 5 சென்டிமீட்டர் ஆழம் மதியம் 3 மணிக்கு 52 டிகிரியைத் தொட்டு இறங்கத் தொடங்கியது. 15 சென்டிமீட்டர் ஆழம் மாலை 6 மணிக்குத்தான் 44 டிகிரி என்ற தன் உச்சிக்கு வந்தது. 30 சென்டிமீட்டர் ஆழமோ நள்ளிரவை ஒட்டி 38 டிகிரிக்கு ஏறியது. அந்த நேரத்தில் மேல்மண் அதைவிடக் குளிர்ந்திருந்தது. வெயில் மறைந்த பிறகும் சூடு கீழ்நோக்கி நடந்துகொண்டே இருக்கிறது. எனவே பிற்பகலில் ஒருமுறை மட்டும் வெப்பமானியைச் செருகிப் பார்த்துவிட்டு ஆழத்தில் சூடு ஏறவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. விரிப்பு மட்டும் போட்ட பாத்தியில் அதே ஆழங்களில் உச்சங்கள் 50, 42, 36 என்று இருந்தன. திறந்த மண்ணில் 41, 34, 30. நொதிப்பு தந்த கூடுதல் இரண்டு டிகிரி கேட்பதற்குச் சிறியது. முன்பு சொன்ன முட்டைகளின் கணக்கோடு வைத்துப் பார்த்தால் அந்த இரண்டு டிகிரியின் மதிப்பு விளங்கும்.

நான்கு வாரம் மூடி வைத்திருந்தேன். இரண்டாம் வாரத்தின் நடுவில் சொட்டுநீரை ஒரு மணி நேரம் திறந்து ஈரத்தைப் புதுப்பித்தேன். காகம் கொத்திய இடத்தையும் நாய் ஓடிய தடத்தையும் அன்றன்றே ஒட்டுப்பட்டையால் அடைத்தேன். அந்த நான்கு வாரத்தில் நாள்தோறும் செய்ய வேண்டிய வேலை இது ஒன்றுதான்.

விரிப்பை எடுத்தபோது ஓரங்கள் எனக்கு ஒரு பாடம் வைத்திருந்தன. நான் வாங்கிய சக்கை சூடாக்காமல் பிழிந்தது, ஆகவே அதிலிருந்த விதைகள் உயிருள்ளவை. பாத்தியின் நடுவில் ஒரு தக்காளி விதைகூட முளைக்கவில்லை. ஆனால் நீளவாக்கில் இருபுறமும் விளிம்பிலிருந்து இரண்டு சாண் அகலத்துக்கு, எடுத்த ஐந்தாம் நாளே, தக்காளி முளைகள் கோடு கிழித்தாற்போல வரிசையாக எழுந்து நின்றன. சூடு எங்கே போதவில்லை என்பதற்கு அதைவிடத் துல்லியமான வரைபடத்தை எந்தக் கருவியும் எனக்குத் தந்திருக்காது. விளிம்பில் பக்கத்து மண் சூட்டை இழுத்துக்கொள்கிறது. மூன்று அடி அகலத் தனித்தனிப் பாத்திகளை மூடினால் இரண்டு ஓரங்களைக் கழித்த பிறகு நடுவில் ஒன்றுமே மிஞ்சாது. வீட்டுத் தோட்டத்தில் செய்பவர்கள் சிறு பாத்திகளை ஒவ்வொன்றாக மூடாமல் பல பாத்திகளைச் சேர்த்து ஒரே விரிப்பால் மூடுவது நல்லது. நோயுற்ற நிலத்திலிருந்து வரும் செடிக் கழிவை இதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் அந்த முளைகளே எனக்கு நினைவூட்டின. நடுவில் அழியும் நோய் ஓரத்தில் பிழைத்துவிடும்.

அடுத்து நான் செய்த தவறு என் அவசரத்தால் விளைந்தது. நாற்றுகள் தட்டுகளில் முற்றிக்கொண்டிருந்தன. விரிப்பை எடுத்த நான்காம் நாள், சக்கைப் பாத்தியின் கால் பங்கில் அவற்றை நட்டுவிட்டேன். ஒரு வாரத்தில் அந்த நாற்றுகளின் இலை ஓரம் கருகியது, பிடுங்கிப் பார்த்தால் வேர் நுனிகள் தேயிலைச் சாற்றில் நனைத்தது போலப் பழுப்பாக இருந்தன. பூசணத்தைக் கொன்ற அமிலம் நாற்றின் வேரையும் விட்டுவைக்கவில்லை. ஏறத்தாழ 90 நாற்றுகளை இழந்தேன். அந்த இழப்பு இன்றும் மனதில் உறுத்துகிறது, ஏனென்றால் காத்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

மீதியிருந்த பகுதிக்கு முள்ளங்கி விதையால் சோதனை வைத்தேன். பாத்தியின் நான்கு இடங்களிலிருந்து 10 சென்டிமீட்டர் ஆழத்து ஈர மண்ணை எடுத்துக் கலந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் பாதி நிரப்பி, மேலே 20 விதைகளைத் தூவி, வாயு வெளியேறாதபடி மூடினேன். நோயற்ற வேறோர் இடத்து மண்ணைக் கொண்டு அதே போல இன்னொரு குப்பி. நான்காம் நாள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் முறை பாத்தி மண்ணில் 7 விதைகள் மட்டும் முளைத்தன, வேர்கள் குட்டையாக, முனை மழுங்கி இருந்தன. மண்ணை இரண்டு அங்குல ஆழத்துக்கு மட்டும் கிளறிக் காற்றாட விட்டு, லேசாக நீர் தெளித்து, வாரம் ஒருமுறை சோதனையைத் திரும்பச் செய்தேன். 17-ஆம் நாள் 19 விதைகள் முளைத்து வேர்களும் அடுத்த குப்பிக்குச் சமமாக நீண்டிருந்தன. அன்று மாலையே நட்டேன், ஒரு நாற்றும் வாடவில்லை. களிமண் நிலத்திலும் குளிர்ந்த பருவத்திலும் அமிலம் சிதைய இன்னும் நாள் பிடிக்கும். நாட்காட்டியைப் பார்த்து நடாமல் விதையைப் பார்த்து நடுங்கள் என்று இப்போது நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

காற்றாட விடும்போது ஆழமாக உழக் கூடாது. அடியில் சூடு போதாமல் பிழைத்த புழுக்களையும் களை விதைகளையும் நாமே மேலே கொண்டுவந்து, தூய்மையான மண்ணில் குடியேற்றிவிடுவோம். இதனால்தான் பாத்தி அமைப்பு, குழாய், மட்டம் எல்லாவற்றையும் விரிப்புக்கு முன்பே முடித்துவிட வேண்டும். விரிப்பை எடுத்த பிறகு மண்வெட்டிக்கு அங்கே வேலை இருக்கக் கூடாது.

நட்ட மூன்றாம் வாரத்தில் சக்கைப் பாத்தியின் செடிகள் சற்று வெளுத்தன. நுண்ணுயிர்கள் தழைச்சத்தைத் தங்களுக்கு எடுத்துக்கொண்டிருந்தன. கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து இரண்டு முறை ஊற்றியதும் பச்சை திரும்பியது. அதற்குப் பிறகு அவை மற்ற இரு பாத்திகளையும் மிஞ்சி வளர்ந்தன. சூடேறிய மண்ணில் சத்துகள் எளிதில் கரைந்து கிடைப்பதும் இதற்கு ஒரு காரணம்.

அறுவடை முடிந்ததும் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் 20 செடிகளைத் தோண்டி எடுத்து வேரை அலசி எண்ணினேன். திறந்த மண்ணில் 20 செடிகளிலும் முடிச்சு இருந்தது. விரிப்பு மட்டும் போட்ட இடத்தில் 13 செடிகளில். சக்கையும் விரிப்பும் சேர்ந்த இடத்தில் 4 செடிகளில். அந்த நான்கும், நான் எதிர்பார்த்தபடியே, தக்காளி முளைத்த அதே ஓர வரிசைகளில் நின்றவை. நடுப் பாத்தியில் ஒரு செடியைத் தூக்கியபோது வேர் வெள்ளை நூல்கற்றை போல வாளிக்குள் விரிந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இந்த முறை எல்லாவற்றையும் தீர்க்கும் என்று சொன்னால் அது பொய். கோரைக் கிழங்கு பிழைத்துக்கொண்டது, அதன் கூர்முனை விரிப்பையே குத்திக்கொண்டு வெளியே வந்தது. கோரை உள்ள நிலத்தில் முன்கூட்டியே கிழங்கைப் பொறுக்கி எடுப்பது தவிர நான் வேறு வழி காணவில்லை. கரி அழுகல் நோயைத் தரும் மேக்ரோஃபோமினா பூசணம் சூட்டை விரும்புவது, அதை வெறும் வெயிலால் அடக்குவது கடினம். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அமிலம் உருவானாலும் அதன் கூர்மை மழுங்கிவிடும், அங்கே கழிவின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். மேகம் மூடும் பருவத்தில் இதைத் தொடங்கக் கூடாது; கோடையின் உச்சத்தில், பகல் நீண்டு காற்று குறைந்திருக்கும் நான்கைந்து வாரம் நிலத்துக்கு ஓய்வு கொடுக்க முடிந்தவர்களுக்கே இது பொருந்தும்.

நன்மை செய்யும் உயிர்களும் மடியாதா என்று கேட்பவர்கள் உண்டு, எனக்கும் அந்தக் கவலை இருந்தது. சூட்டைத் தாங்கும் வித்துகளைக் கொண்ட பேசில்லஸ் வகைப் பாக்டீரியாக்களும், விரைவில் திரும்பிப் பரவும் டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூசணமும் முதலில் இடம் பிடித்துக்கொள்கின்றன. மண்புழுக்கள் சூடு ஏறும்போது கீழே இறங்கிப்போய்ப் பின்னர் மேலே வருகின்றன. காலியான இடத்தைப் பகைவர் பிடிப்பதற்கு முன் நண்பர்கள் பிடிப்பதற்காக, நாற்று நடும் குழியில் நன்றாக மக்கிய உரத்தை ஒரு கைப்பிடி போட்டேன். நோயுள்ள நிலத்தில் ஓட்டிய கலப்பையையும் மண்வெட்டியையும் கழுவாமல் இங்கே கொண்டுவருவதில்லை, நாற்றைத் தட்டில் நூற்புழு இல்லாத வளர்ப்புக் கலவையில் மட்டுமே வளர்க்கிறேன். இவற்றில் ஒன்று தவறினாலும் ஒரு பருவத்தில் புழு திரும்பிவிடும்.

விரிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கிழியத் தொடங்குவதற்கு முன்பே, அதிகாலைக் குளிரில், இரண்டு பேராகச் சுருட்டி எடுத்துவிட வேண்டும்; வெயிலில் நொறுங்கிய துணுக்குகள் மண்ணில் கலந்தால் அவற்றைப் பொறுக்கி மாளாது. நான் விரிப்பில் ஒட்டிய மண்ணைக் கழுவி, அதை உலர்த்தி, நிழலில் சுருட்டி வைத்து இரண்டாவது முறையும் பயன்படுத்தினேன்.

சிகிச்சை செய்த அடுத்த ஆண்டு நிலத்தைச் சும்மா விடாமல் மறுபடி தக்காளியே பயிரிட்டு, முடிவில் மீண்டும் 20 செடிகளைத் தோண்டினேன். சக்கைப் பாத்தியில் இம்முறை 9 செடிகளில் முடிச்சு தெரிந்தது, ஓரத்தில் அதிகமாகவும் உள்ளே போகப் போகக் குறைவாகவும். புழு விளிம்பிலிருந்துதான் உள்நோக்கி வருகிறது. ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்வது என்று முடிவெடுத்திருக்கிறேன். இந்தக் கோடைக்கு முட்டைக்கோசின் புற இலைகளையும் தவிட்டையும் சேர்த்து வைத்திருக்கிறேன். விரிப்பைப் போன முறை போட்ட இடத்தைவிட ஒரு மீட்டர் கூடுதல் அகலமாக விரிக்கப் போகிறேன், பழைய ஓர வரிசைகள் இந்த முறை சூட்டின் நடுவில் வரும்படியாக.